லிபிடினா என்ற மங்கலச் சொல்

கடந்த பதினொரு வருஷத்தில் ஜம்புநாதன் பேசிய பேச்சில் பாதி அவருடைய பேச்சே அல்ல. எனக்கு ஏழு மாதம், இரண்டு நாளாகப் பிள்ளை அசையவில்லை என்று மகப்பேறு மருத்துவரிடம் சொல்லியிருக்கிறார். என் புருஷன் என்னை அடிக்கிறான் என்று போலீஸில் சொல்லியிருக்கிறார். எனக்கு மூலம், உட்காரவே முடியவில்லை என்று நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டே சொல்லியிருக்கிறார். ஐம்பத்தேழு வயது, நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை. இத்தனையும் சிரிக்காமல் சொல்வார்.

லண்டனில் ஆஸ்பத்திரிக்கும் கவுன்சிலுக்கும் போகும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு அதுதான் சட்டம். யாருக்காகப் பேசுகிறோமோ அவராகவே மாறிப் பேச வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. அறையில் யார் என்ன முணுமுணுத்தாலும் அதையும் மொழிபெயர்த்துவிட வேண்டும். தன்னைப் பற்றிச் சொல்லியே தீர வேண்டுமென்றால், 'மொழிபெயர்ப்பாளர் ஒன்று சொல்ல விரும்புகிறார்' என்று யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்ல வேண்டும். ஜம்புநாதன் அப்படிச் சொன்னது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகள்தான். எல்லாம் 'காதில் விழவில்லை, கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள்' ரகம்.

ஊர் மன்னார்குடி. ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்க்க வந்தவர். வங்கி ஒருநாள் அவருடைய பிரிவையே மூடியது. நாற்பத்தாறு வயதில் கோலியர்ஸ் வுட் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து, டிவியை முறைத்துக்கொண்டிருந்த மனிதரை, ஆஸ்பத்திரியில் பார்மசிஸ்ட்டாக இருந்த மனைவி நிர்மலாதான் இந்தப் பக்கம் தள்ளிவிட்டார். எங்கள் வார்டில் தமிழ் பேச ஆள் தேடி அலைகிறார்கள், உங்களுக்குத்தான் வாய் ஓயாதே என்று சொன்னாராம். பரீட்சை எழுதி, ஏஜென்சியில் பெயர் கொடுத்து, முதல் மாதமே அவருக்கு ஒரு விஷயம் புரிந்துபோயிற்று. லண்டன் தமிழ் அவருடைய தமிழ் இல்லை.

ஓர் அம்மாள் டாக்டரிடம், "என்ர மனுசன் போன கிழமை மோசம் போயிட்டார்" என்றார். மன்னார்குடியில் மோசம் போவதென்றால் ஏமாந்துபோவது. ஜம்புநாதன் அப்படியே மொழிபெயர்த்தார். டாக்டர் பரிதாபப்பட்டு, போலீஸில் சொன்னீர்களா என்று கேட்டார். அந்த அம்மாள் இருவரையும் மாறிமாறிப் பார்த்து அழ ஆரம்பித்தார். மோசம் போவதென்றால் யாழ்ப்பாணத்தில் செத்துப்போவது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார். திரும்பும் வழியில் ஒரு நீல நிற நோட்டு வாங்கினார். இடப்பக்கம் அவர்களுடைய சொல், வலப்பக்கம் தன்னுடைய சொல், மேலே தேதி. கதிரை என்றால் நாற்காலி. பேந்து என்றால் அப்புறம். ஏலாது என்றால் முடியாது. ஓம் என்றால் ஆமா. அந்த நோட்டு கோட்டுப் பையிலேயே இருக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வேலையில் கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. ஒரே ஒரு குறை. கெட்ட வார்த்தை அவர் வாயில் வராது. கெட்ட வார்த்தை என்றால் நீங்கள் நினைப்பது அல்ல. அதெல்லாம் தாராளமாக வரும், தொழிலுக்கு வேண்டுமே. சாவு, தீர்ந்துபோயிற்று, இனி இல்லை, இந்த மாதிரிச் சொற்கள்தான் தொண்டையில் நிற்கும். அவர் வளர்ந்த வீட்டில் அரிசி தீர்ந்தால் 'நிறைஞ்சு போச்சு' என்பார்கள். விளக்கை அணை என்று சொன்னால் திட்டு விழும். குளிர வை என்று சொல்ல வேண்டும். அவருடைய அப்பா இறந்தபோது, தங்கை மாதங்கி போன் செய்து, அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ், உடனே கிளம்பி வா என்றாள். விமானத்தில் சாப்பிட்டார், தூங்கினார், அப்பாவிடம் என்னென்ன பேசலாம் என்று யோசித்துக்கொண்டே போனார். தெருமுனையில் டாக்ஸி திரும்பியபோது வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. அப்பா முதல் நாளே போயிருந்தார்.

வேறொருவராக இருந்தால் தங்கையிடம் கோபித்துக்கொண்டிருப்பார். ஜம்புநாதன் நன்றி சொன்னார். நீ பொய் சொன்னதால்தான் நான் வழியில் தூங்கினேன் என்றார். நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நிர்மலாவிடம் அந்தக் கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார்.

என்ன குறையும் என்பது போன அக்டோபரில் தெரிந்தது.

கிழக்கு லண்டனில் ஓர் ஆஸ்பத்திரி, வியாழக்கிழமை பிற்பகல். நோயாளியின் பெயர் கமலேஸ்வரி, எழுபத்து நான்கு வயது. கணவர் கிருஷ்ணராசா, நான்கு வயது மூத்தவர். குட்மேய்ஸில் வீடு, ஒரே மகள் பிறேமினி டொராண்டோவில். வார்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை. நாலு நாற்காலி, ஒரு டிஷ்யூப் பெட்டி. அந்தப் பெட்டியைப் பார்த்ததுமே என்ன பேசப்போகிறார்கள் என்று ஜம்புநாதனுக்குத் தெரிந்துவிடும். பதினொரு வருஷ அனுபவம்.

டாக்டர் இளம்பெண், கண்ணெல்லாம் தூக்கம். நிதானமாகத்தான் சொன்னார். ஈரலும் சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன, மருந்துக்குக் கிருமி மடங்கவில்லை, இதற்குமேல் சிகிச்சையால் பலன் இருக்கும் என்று நாங்கள் நினைக்கவில்லை, இனி எங்கள் நோக்கம் அவரைக் கம்ஃபர்ட்டபிளாக வைத்துக்கொள்வது மட்டுமே. சாவு என்ற சொல்லை அவரும் சொல்லவில்லை. அந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் யாரும் சொல்வதில்லை. கம்ஃபர்ட்டபிள் என்றால் போகிற உயிர் வலியில்லாமல் போகட்டும் என்று அர்த்தம். ஜம்புநாதனுக்கு அது தண்ணீர் பட்ட பாடு.

கிழவர் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பளிக் குல்லாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"ஐயா, இனிமே ஊசி, ட்ரிப்னு அவங்களத் தொந்தரவு பண்ண மாட்டோம்" என்றார் ஜம்புநாதன். "சுகமா வச்சுக்குவோம். நீங்க எவ்வளவு நேரம் வேணும்னாலும் கூட இருக்கலாம்."

ஈரலையும் சிறுநீரகத்தையும் பலன் இல்லை என்பதையும் விழுங்கிவிட்டார். விழுங்கியது அவருக்கே உடனே உறைத்தது. அடுத்த வாக்கியத்தில் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அதற்குள் கிழவரின் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப சுகமாகுது. அதுதான் ஊசியெல்லாம் நிப்பாட்டினவை" என்றார் கிருஷ்ணராசா.

ராத்திரி இங்கேயே தங்க விருப்பமா, சாய்வு நாற்காலி போட்டுத் தருகிறோம் என்று டாக்டர் கேட்டார். ஜம்புநாதன் அதைச் சரியாகவே சொன்னார். கிழவர் சிரித்தார். சுகமாகிற ஆளுக்கு வாய்க்கு ருசியாக ஏதும் வேண்டுமல்லவா, தான் வீட்டுக்குப் போய்க் கஞ்சி காய்ச்சிக்கொண்டு காலையில் வருவதாகச் சொன்னார். டாக்டர் புருவத்தைச் சுருக்கினார். ஜம்புநாதனைப் பார்த்து, அவருக்குப் புரிந்ததா என்று கேட்டார்.

இந்தக் கேள்வியைத் தமிழில் கிழவரிடம் கேட்டிருக்க வேண்டும். அதுதான் சட்டம். ஜம்புநாதன் கேட்கவில்லை. ஒருநாள் ராத்திரியாவது மனுஷன் நிம்மதியாகத் தூங்கட்டுமே என்று நினைத்தார். நாளைக்கு யாராவது சொல்லிவிடுவார்கள் என்றும் நினைத்தார். புரிந்தது என்று அவரே ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டார். டாக்டரின் இடுப்பிலிருந்த பேஜர் கத்தியது. எல்லோரும் எழுந்தார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு கவுன்சில் பதிவு அலுவலகத்தில் இறப்புப் பதிவுக்கு வரச்சொல்லி ஏஜென்சியிலிருந்து செய்தி வந்தது. பெயர் போடமாட்டார்கள், நேரமும் இடமும் மட்டும்தான். ஜம்புநாதன் பத்து நிமிஷம் முன்னதாகவே போய்விட்டார். குடும்பத்தார் வர பஸ் தாமதம். பதிவு அதிகாரி ஹெலன் பழக்கமானவர். இருவரும் சேர்ந்து முப்பது சாவாவது பதிந்திருப்பார்கள். அவர் மேசையில் ஒரு வெள்ளைக் கோப்பை, அதில் 'லிபிடினா' என்று எழுதியிருக்கும். ஏதோ காப்பிக் கம்பெனி என்றுதான் ஜம்புநாதன் நாலு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பொழுது போகாமல், இந்தக் காப்பி எங்கே கிடைக்கும் என்று கேட்டுவைத்தார்.

ஹெலன் சிரித்துவிட்டார். காலேஜில் லத்தீன் படித்தவராம். லிபிடினா என்பவள் பழைய ரோமாபுரியில் சாவுச் சடங்குகளின் தேவதை என்றார். ஊரில் யார் செத்தாலும் அவள் கோயிலில் போய்ப் பதிய வேண்டும். பாடை, பந்தம், தூக்குகிற ஆள், எல்லாம் அங்கேதான் கிடைக்கும். அந்த ஆட்களுக்கு அவள் பெயரையே ஒட்டித்தான் பெயர். ஊரார் அவர்களை அண்டமாட்டார்கள். கவிஞர்கள் சாவு என்று எழுத வேண்டிய இடத்தில் அவள் பெயரை எழுதினார்கள். இந்த அலுவலகத்துக்கு அவள்தான் முதல் அதிகாரி, நான் அவளுக்குப் பின்னால் வந்த குமாஸ்தா என்றார் ஹெலன்.

ஆனால் பெயர்தான் வேடிக்கை என்று தொடர்ந்தார். லத்தீனில் விருப்பம், இன்பம், மனத்துக்கு இதமாக இருப்பது என்றெல்லாம் பொருள் தரும் சொல் ஒன்று உண்டு. லிபிடினா அதிலிருந்து வந்தவள் என்று ரோமர்களே சொன்னார்கள். அதனால் அவளைக் காதல் தெய்வமான வீனஸோடு போட்டுக் குழப்பினார்கள். பிணங்களின் தேவதைக்கு இன்பத்தின் பெயர் எதற்கு? இதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்கிறார்கள் என்றார். ஒன்று, அவள் யார் என்று நன்றாகத் தெரிந்துதான், வாய்விட்டுச் சொல்லப் பயந்து, இனிப்பாக ஒரு பெயர் வைத்தார்கள். இன்னொன்று, அது லத்தீனே இல்லை. பக்கத்திலிருந்த எட்ருஸ்கர் என்ற வேறு சனத்தின் மொழியில் சாவுக்கு இருந்த சொல்லாக இருக்கலாம். ரோமர் காதில் அது தங்களுடைய இன்பச் சொல்லாக விழுந்துவிட்டது. எது சரி என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை.

ஜம்புநாதனுக்குக் குஷி தாங்கவில்லை. முதல் கட்சிதான் சரி என்றார். எங்கள் இலக்கணத்தில் இதற்கு மங்கலம் என்று தனிப்பெயரே இருக்கிறது. சுடுகாட்டை நன்காடு என்போம், நல்ல காடு. கறுத்த ஆட்டை வெள்ளாடு என்போம். தாலி அறுந்தால் பெருகிற்று என்போம். தெரியாமல் சொல்வதில்லை, எல்லாம் தெரிந்துதான் சொல்கிறோம் என்று கைகளை ஆட்டிப் பேசினார். தங்கை போனில் சொன்ன கதையையும் சேர்த்துச் சொன்னார். ஹெலன் நன்காடு என்ற சொல்லை ஒரு மஞ்சள் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

அப்போதுதான் கதவு திறந்தது. கம்பளிக் குல்லாவைக் கையில் பிடித்துக்கொண்டு கிருஷ்ணராசா வந்தார்.

தெரிந்த முகத்தைப் பார்த்ததும் கிழவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஜம்புநாதனின் கையைப் பிடித்துக்கொண்டார். ஹெலன் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். பிறந்த இடம் புலோலி. தொழில் என்று வந்தபோது, வீட்டில் இருந்தவள் என்று போடவேண்டாம், பத்தொன்பது வருஷம் சாண்ட்விச் ஃபாக்டரியில் நின்று வேலை செய்தவள் என்று போடச் சொன்னார். கம்ப்யூட்டர் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், ஜம்புநாதனின் பக்கம் திரும்பித் தணிந்த குரலில் கேட்டார்.

"தம்பி, சுகமாக்கித் தாறமெண்டு சொல்லிப்போட்டு ஏன் அவளைச் சாக விட்டவை?"

வெள்ளிக்கிழமை விடியுமுன்பே போய்விட்டாளாம். ஆஸ்பத்திரியிலிருந்து நாலு தடவை போன் அடித்திருக்கிறார்கள். தெரியாத நம்பர், எடுத்தாலும் ஆங்கிலம், அதனால் எடுக்கவில்லை. காலை எட்டரை மணிக்குக் கஞ்சிப் போத்தலோடு வார்டுக்குப் போயிருக்கிறார். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்ததாம். உடம்பு துடைக்கிறார்கள் என்று நினைத்து வெளியே கால் மணி நேரம் நின்றாராம்.

என்ன கேட்கிறார் என்று ஹெலன் கேட்டார். இவ்வளவு சீக்கிரம் எப்படி ஆயிற்று என்று கேட்கிறார் என்றார் ஜம்புநாதன். மறுபடியும் பூசி மெழுகிவிட்டார். ஹெலன் தலையை ஆட்டி, கிழவரின் பக்கம் டிஷ்யூவை நகர்த்தினார்.

அன்று ரயிலில் உட்கார்ந்து அவர் தனக்குத்தானே கட்டிய சப்பைக்கட்டைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அரைமணிக்கு முன் கைகளை ஆட்டி முதல் கட்சி பேசிய மனிதர், இரண்டாம் கட்சிக்குத் தாவிவிட்டார். நான் சொன்ன சுகம் எங்கள் ஊர்ச் சுகம், நோவில்லாமல் இருப்பது. அவர் கேட்டது அவர் ஊர்ச் சுகம், நோய் குணமாவது. என் சொல் அவர் காதில் வேறாக விழுந்தது, அவ்வளவுதான். எட்ருஸ்கரும் ரோமரும் மாதிரி. இதில் யாரைக் குற்றம் சொல்வது? வீடு சேரும்வரை இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு போனார். ஏறக்குறைய நம்பியும்விட்டார்.

வீட்டில் கோட்டைக் கழற்றியபோது நீல நோட்டு தட்டுப்பட்டது. பார்க்காமல் இருந்திருக்கலாம். நின்றபடியே புரட்டினார். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு பக்கம், அவருடைய கையெழுத்து. இடப்பக்கம்: 'சுகம் வந்திட்டுது.' வலப்பக்கம்: 'குணமாயிடுச்சு.' கீழே சிவப்பு மையில், 'கவனம்' என்று அடிக்கோடு வேறு போட்டு வைத்திருந்தார். நிர்மலா காப்பியோடு வந்தபோது சமையலறை வாசலில் நோட்டும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்.

நிர்மலாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.  அந்த அம்மாள் ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டே போயிருப்பார், அதைக் கெடுத்துவிட்டீர்கள் என்று மட்டும் அவர் சொன்னார். ஜம்புநாதன் நோட்டை மூடிக் கோட்டுப் பையில் வைத்தார்.

மூன்று வாரம் கழித்து அதே ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. பிறேமினி டொராண்டோவிலிருந்து புகார் எழுதியிருந்தாள்: அம்மா குணமாகிறாள் என்று அப்பாவிடம் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். டாக்டர் கிழவரை நேரில் பார்த்து விளக்கம் சொல்வதாக ஏற்பாடு. நீங்கள் போகக் கூடாது, உங்களுக்குச் சம்பந்தம் இருக்கிறது என்று ஏஜென்சிக்கு எழுதிவிடுங்கள் என்று நிர்மலா சொன்னார். அது சரியான யோசனைதான். ஆனால் வேறு யாராவது போனால், டாக்டர் சொன்னதையும் கிழவர் கேட்டதையும் சரியாக மொழிபெயர்ப்பார்கள், இரண்டும் பொருந்தாது, கிழவருக்குத்தான் மூளை குழம்பிவிட்டது என்று எழுதி மூடிவிடுவார்கள். நடுவில் என்ன நடந்தது என்று தெரிந்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். ஜம்புநாதன் போனார். உண்மையைச் சொல்லத்தான் போனாரா, அதை இன்னும் கொஞ்சம் நன்றாக மூடத்தான் போனாரா என்று கேட்டால், அறைக்குள் நுழையும்வரை அவருக்கே தெரியாது.

அதே சின்ன அறை, அதே டிஷ்யூப் பெட்டி. டாக்டரோடு குறிப்பெடுக்க ஒரு பெண்மணி. கிருஷ்ணராசா கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி. சுகமாக்குவோம் என்று நீங்கள் ஏன் சொன்னீர்கள்? ஜம்புநாதன் அதை ஆங்கிலத்தில், தானே கேட்பதுபோல, சட்டப்படி கேட்டார். டாக்டர் கோப்பைத் திறந்து படித்தார். சிகிச்சை பலன் தராது என்று தெரிவிக்கப்பட்டது. மொழிபெயர்ப்பாளர் உடனிருந்தார். கணவருக்குப் புரிந்தது என்று உறுதி செய்துகொள்ளப்பட்டது. பிறகு கோப்பை மூடிவிட்டுக் கிழவரை நேராகப் பார்த்து, மிகவும் கனிவாகச் சொன்னார். உங்களைக் குறை சொல்லவில்லை, இப்படிப்பட்ட நேரத்தில் குடும்பத்தார் பலர் தாங்கள் கேட்க ஆசைப்படுவதைத்தான் கேட்கிறார்கள்.

எல்லோரும் தமிழுக்காகக் காத்திருந்தார்கள்.

ஜம்புநாதன் வாயைத் திறந்தார். இதைச் சொன்னால், அந்த மனிதர் தன் ஆசையால் தானே ஏமாந்தார் என்று அவர் காதாரக் கேட்பார். மிச்சமிருக்கும் நாளெல்லாம் நம்பிக்கொண்டும் இருப்பார். சொல்லாமல், இதையும் சர்க்கரை தடவிச் சொன்னால்? அதுவும் கைவந்த கலைதான். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். குறிப்பெடுத்த பெண்மணி தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

மொழிபெயர்ப்பாளர் ஒன்று சொல்ல விரும்புகிறார் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். அன்றைக்கு டாக்டர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் முழுவதும் சொல்லவில்லை. பலன் இல்லை என்பதைச் சொல்லவே இல்லை. குணமாக்குவோம் என்று கேட்கக்கூடிய ஒரு சொல்லைச் சொன்னார். புரிந்ததா என்று நீங்கள் கேட்டதை அவரிடம் கேட்காமலே பதில் சொன்னார். இந்த ஐயா கேட்டது தப்பு இல்லை. அவர் காதில் விழுந்தது அதுதான். டாக்டரின் கை கோப்பின் மேல் அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பெண்மணி வேகமாக எழுதினார்.

ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். அங்கே மூன்றாம் மனிதராக ஒளிந்துகொள்ள இடம் இருந்தது. தமிழில் அந்த வசதி இல்லை.

"ஐயா, டாக்டர் அன்னிக்கு அப்படிச் சொல்லல. அம்மா பிழைக்க மாட்டாங்கன்னுதான் சொன்னாங்க. நான்தான் உங்ககிட்ட மாத்திச் சொன்னேன்."

 கிருஷ்ணராசா மடியிலிருந்த குல்லாவை ஒருதரம் திருப்பி வைத்தார். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் ஜம்புநாதனுக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

"நான் போய் அவளுக்கும் சொன்னனான்" என்றார் கிழவர். "உமக்குச் சுகமாக்கித் தருவினமாம், நாளைக்குக் கஞ்சி கொண்டு வாறன், படுத்திரும் எண்டனான். அவள் ஒண்டும் கதைக்கேல்லை. என்ர கையைப் பிடிச்சவள் விடேல்லை. பஸ்ஸுக்கு நேரமாகுதெண்டு நான்தான் இழுத்தெடுத்துக்கொண்டு வந்தனான்."

ஜம்புநாதன் அதை மொழிபெயர்த்தார். ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல், நான் என்றே சொல்லி மொழிபெயர்த்தார். நான்தான் என் கையை இழுத்தெடுத்தேன் என்று அவர் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன்" என்றார் கிருஷ்ணராசா. "உங்கட தமிழ் வேற, எங்கட தமிழ் வேற. அதாலை பிழை வந்ததோ? இல்லாட்டி, நான் பிழையா விளங்கிக்கொண்டு போறன் எண்டு அண்டைக்கே உமக்கு விளங்கினதோ?"

கிழவரே கதவைத் திறந்து வைத்துவிட்டார். உங்கள் சுகம் வேறு, எங்கள் சுகம் வேறு என்று சொன்னால் போதும். அவர் நம்புவார், நம்பத்தான் விரும்புகிறார். ஹெலனின் இரண்டு கட்சிகளும் அந்த மேசைமேல் கிடந்தன. தெரியாமல் விழுந்த பெயரா, தெரிந்தே வைத்த பெயரா? இரண்டாயிரம் வருஷமாக யாராலும் தீர்க்க முடியாததை இங்கே ஒருவர் தீர்க்கலாம். நீல நோட்டு கோட்டுப் பையில் இருந்தது. அன்று கிழவரின் முகம் மலர்ந்ததை அவர் கண்ணால் பார்த்திருந்தார்.

அன்றைக்கே விளங்கியதா என்ற கேள்விக்கு ஆமா என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். இந்த ஒரு சொல்லாவது அந்த மனிதரின் காதில் வேறாக விழக் கூடாது.

"ஓம்" என்றார்.

கிருஷ்ணராசா தலையை மெல்ல ஆட்டினார். பிறகு மேசையைப் பிடித்து எழுந்து, டாக்டரின் பக்கம் திரும்பினார். அதுவரை அந்தக் கட்டடத்தில் அவர் ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசியதில்லை.

"சொறி டொக்டர்" என்றார். "மை மிஸ்டேக்."

அதை மொழிபெயர்க்க யாரும் தேவைப்படவில்லை. கிழவர் குல்லாவை மாட்டிக்கொண்டு, ஜம்புநாதன் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சுற்றி, அவரைப் பார்க்காமலே கதவைத் திறந்துகொண்டு போனார்.